நகராட்சி அலுவலகமும் தீயணைப்பு நிலையமும்: பழைய கட்டடங்களைப் புதுப்பிக்க முழுமையான வழிகாட்டி

புதுப்பிப்பு வேலைக்கு நிதி வந்துவிட்டது என்றதும் முதலில் பேச்சு முகப்பைப் பற்றித்தான் எழும். முன்சுவரில் கிரானைட் ஒட்டலாமா, அலுமினியத் தகடு பதிக்கலாமா, பெயர்ப்பலகை எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று கூட்டம் கூட்டமாகப் பேசுவார்கள். அடுத்த ஐப்பசி மழையில் பதிவறைக்குள் வாளி வைத்திருப்பார்கள். பணம் போன இடம் வேறு, பழுது இருந்த இடம் வேறு.

இந்த வழிகாட்டியின் வரிசை அதற்கு நேர்மாறானது: முதலில் தண்ணீர், பிறகு கம்பியும் காங்கிரீட்டும், பிறகு மின்சாரம், கடைசியில் வண்ணம். வேலை நடக்கும் அத்தனை மாதமும் இரண்டு விஷயங்கள் ஒரு நாள்கூட நிற்கக் கூடாது. 101-க்கு அழைத்தால் வண்டி புறப்பட வேண்டும். பிறப்பு, இறப்புப் பதிவேட்டில் ஒரு தாளும் நனையக் கூடாது. மற்ற முடிவுகள் எல்லாம் இவற்றுக்கு அடங்கியவை.

தமிழ்நாட்டு நகராட்சிகளில் வழக்கமாகக் காணும் அமைப்பையே எடுத்துக்கொள்கிறோம். நடுவில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய பழைய கட்டடம், அதன் பக்கவாட்டில் பிற்காலத்தில் ஒட்டிக் கட்டிய காங்கிரீட் பகுதி, அதே வளாகத்திலோ அருகிலோ தீயணைப்பு நிலையம்.

கட்டடம் யாருடையது?

நகராட்சி அலுவலகம் நகராட்சியின் சொத்து. தீயணைப்பு நிலையம் மாநில அரசின் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைக்குக் கீழ் வருவது. நிலமும் கட்டடமும் நகராட்சியுடையதாக இருந்து, துறை வாடகைக்கு இருக்கலாம். நிலம் மாற்றிக் கொடுக்கப்பட்டு, கட்டடம் துறையுடையதாகவும் இருக்கலாம். நகர நில அளவைப் பதிவேட்டை எடுத்து இதை முதலில் உறுதி செய்யுங்கள். யார் பணம் போடுவது, யார் தொழில்நுட்ப அனுமதி தருவது, பிற்காலப் பராமரிப்பு யார் தலையில் விழும் என்பதெல்லாம் இந்த ஒரு பதிவைப் பொறுத்தவை. இதைத் தெளிவாக்காமல் மன்றத் தீர்மானம் போட்டால் பாதி வேலையில் கோப்பு நின்றுவிடும்.

நிலைய அலுவலரை முதல் கூட்டத்திலேயே உட்கார வையுங்கள். வரைபடம் முடிந்த பிறகு கையெழுத்துக்கு மட்டும் அழைத்தால், வண்டி திரும்ப முடியாத இடத்தில் தூண் நிற்கும்.

நாட்காட்டியை விரித்து வையுங்கள்

வேலை தொடங்கும் மாதத்தை நிதியாண்டு முடிவு செய்துவிடக் கூடாது. தீயணைப்பு நிலையத்துக்கு நெருக்கடியான காலங்கள் மூன்று: கோடையில் குப்பை, வைக்கோல் தீ, தீபாவளி வாரம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நகராட்சியில் வரி வசூல் கவுண்டர் மார்ச் இறுதியிலும், அரையாண்டு வரியை முன்கூட்டிக் கட்டுபவர்கள் வரும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களிலும் நிரம்பி வழியும்.

இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், வண்டிக்கூடத் தளத்தை உடைக்க ஏற்ற காலம் ஜனவரி, பிப்ரவரி. கூரை வேலை ஜனவரியில் தொடங்கி மே மாதத்துக்குள் முடிந்தாக வேண்டும். கவுண்டர்களை இடம் மாற்ற மே நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை நல்லது. செப்டம்பர் இறுதியில் கூரையில் ஓர் இடம்கூடத் திறந்து கிடக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் இதைத் தேதியோடு எழுதுங்கள்.

கட்டடத்தைச் சோதித்தல்

முதல் ஆய்வை மழை பெய்யும்போது செய்யுங்கள். அதற்கு வழியில்லை என்றால் மழை முடிந்த மறுநாள். எந்தச் சுவரில் ஓதம் மேலிருந்து இறங்குகிறது, எதில் கீழிருந்து ஏறுகிறது என்று வரைபடத்தில் குறியுங்கள். மேலிருந்து இறங்குவது கூரை அல்லது குழாயின் குறை. தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் வரை பட்டையாக நிற்பது நிலத்து ஈரம். இரண்டுக்கும் மருந்து வேறு. இரண்டுக்கும் ஒரே 'வாட்டர் ப்ரூஃப் பெயின்ட்' அடிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

காங்கிரீட் பகுதிக்கு இந்தச் சோதனைகள் தேவை:

- ரீபவுண்டு ஹேமர் (சுத்தியல் துள்ளும் அளவை வைத்துப் பலத்தைக் கணிக்கும் கருவி): பூச்சை முழுதாக உரித்துவிட்டு, காங்கிரீட்டின் மேல் நேராக அடிக்க வேண்டும். பழைய காங்கிரீட்டில் காற்றின் கரியமில வாயு ஏறி மேற்பரப்பு இறுகியிருக்கும். அதனால் உள்ளே பலம் குறைந்திருந்தாலும் அளவு கூடுதலாகக் காட்டும். இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.
- அல்ட்ராசோனிக் சோதனை: காங்கிரீட் வழியே ஒலி அலை செல்லும் வேகம் நொடிக்கு 3.5 கி.மீட்டருக்கு மேல் இருந்தால் நல்ல காங்கிரீட். 3-க்குக் கீழே போனால் அந்த இடம் சந்தேகத்துக்குரியது.
- கோர் (உருளைத் துண்டு) வெட்டி நசுக்கிப் பார்ப்பது: மூன்று துண்டுகளின் சராசரி, வடிவமைப்புப் பலத்தில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும், எந்த ஒரு துண்டும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது.
- ஃபினால்ஃப்தலீன் (காரத்தன்மையைக் காட்டும் நிறமாற்றுத் திரவம்) தெளிப்பு: புதிதாக உடைத்த பரப்பில் தெளித்தால் நல்ல காங்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் மாறாத ஆழம் கம்பியை எட்டிவிட்டதா என்று அளந்து பாருங்கள். எட்டியிருந்தால், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் துரு தொடங்கியிருக்கலாம்.
- ஹாஃப் செல் (கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் சோதனை): மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிட எதிர்மறையாகக் காட்டினால் அங்கே கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. கடலோர ஊர்களில் இதைத் தவிர்க்கவே கூடாது.

மரக் கட்டைகளுக்குக் கருவி எதுவும் வேண்டாம். கூரைக் கட்டையின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். நல்ல தேக்கில் முனை மட்டும்தான் பதியும். விரலளவு இறங்கினால் அந்த முனை உளுத்துவிட்டது. சுத்தியலால் தட்டினால் நல்ல கட்டை கணீரென்றும் கரையான் அரித்தது பொத்தென்றும் ஒலிக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் எண் போட்டு இரு முனைகளையும் பதிவு செய்யுங்கள். பழுது பெரும்பாலும் சுவருக்குள் மறைந்திருக்கும் முனையில்தான் இருக்கும். நடுவில் பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

தீயணைப்பு நிலையத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நிலநடுக்க வடிவமைப்புக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1893, சாதாரண அலுவலகத்தைவிட ஒன்றரை மடங்கு விசையைத் தாங்கும்படி தீயணைப்பு நிலையத்தைக் கட்டச் சொல்கிறது. ஊரே இடிந்தாலும் அந்தக் கட்டடம் நின்று, வண்டி வெளியே வர வேண்டும் என்பதற்காக. பழைய நிலையங்களில் முன்பக்கம் முழுக்கத் திறந்து, நான்கைந்து மெலிந்த தூண்களின் மேல் மாடி நிற்கும். பக்கவாட்டு அசைவில் முதலில் முறிவது அந்தத் தூண்கள். கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டு எழுத்தில் தராமல், அந்த வரிசையில் ஒரு தூணையும் தொடாதீர்கள். வாசலை அகலமாக்க நடுத்தூணை எடுக்கச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

மதிப்பீடும் ஒப்பந்தமும்

மதிப்பீட்டை நடப்பு ஆண்டின் பொதுப்பணித் துறை விலைப்பட்டியலின்படி போட்டு, 18 சதவீத ஜிஎஸ்டியும் தொழிலாளர் நல நிதியும் சேர்த்து நிர்வாக அனுமதி பெறுவது எல்லாருக்கும் தெரிந்ததே. புதுப்பிப்பு வேலையில் சிக்கல், பழுதின் உண்மையான அளவு உடைத்த பிறகுதான் தெரிவதில் இருக்கிறது. மொத்தத் தொகை ஒப்பந்தம் இதற்கு ஒத்துவராது. கம்பிச் சுத்தம் ஒரு மீட்டருக்கு இவ்வளவு, பாலிமர் கலவைப் பூச்சு 25 மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு இவ்வளவு, புதுக் கம்பி கிலோவுக்கு இவ்வளவு என்று தனித்தனி இனமாக எழுதுங்கள். சோதனையில் கண்ட பழுதுக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உத்தேச அளவு வையுங்கள்.

மூடி மறையும் வேலை எதுவானாலும், மூடும் முன் இரு தரப்பும் சேர்ந்து அளந்து, அன்றே அளவுப் புத்தகத்தில் ஏற்றி, அளவு நாடா தெரியும்படி படமும் எடுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் துருவின் மேலேயே பூச்சு விழும்; பில்லும் பாஸாகும்.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இன் கீழ், 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாளும் அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் தர வேண்டும். இதையும் நாட்காட்டியில் சேருங்கள். குறைதீர்ப்புக் காலம் (ஒப்பந்ததாரர் தன் செலவில் பழுதைச் சரிசெய்ய வேண்டிய காலம்) இரண்டு வடகிழக்குப் பருவமழையையாவது கடக்க வேண்டும். பிப்ரவரியில் முடிந்த கூரையை அடுத்த பிப்ரவரியில் ஒரே ஒரு மழைக்காலம் பார்த்து ஒப்படைப்பது போதாது.

இடம் மாற்றம்: முதலில் பதிவேடுகள்

பதிவறையில் முடிந்த கோப்புகளை எவ்வளவு காலம் வைக்க வேண்டும் என்பது அவற்றின் வகையைப் பொறுத்தது: ஆர்.டிஸ் கோப்புகள் நிரந்தரம், டி.டிஸ் 10 ஆண்டு, கே.டிஸ் 3 ஆண்டு, எல்.டிஸ் ஓராண்டு. காலம் முடிந்தவற்றை முறைப்படி கழிக்கும் வேலையை இடமாற்றத்துக்கு ஆறு மாதம் முன்பே தொடங்கினால் தூக்க வேண்டிய சுமை வெகுவாகக் குறையும். அவசரத்தில் கழிக்கும்போதுதான் மன்றத் தீர்மானப் புத்தகம் பழைய பேப்பரோடு போய்விடுகிறது.

பெட்டி ஒன்றுக்கு 15 கிலோவுக்கு மேல் வேண்டாம். பெரிய பதிவேடுகளைப் படுக்க வைத்து அடுக்குங்கள். நிறுத்தி வைத்தால் முதுகுத் தையல் கிழியும். பெட்டிக்கு எண், உள்ளே இருப்பவற்றின் பட்டியல் இரு பிரதி, ஏற்றுபவரும் இறக்குபவரும் கையெழுத்து. தற்காலிக அறை தரைத்தளத்தில் இருந்தால் அடுக்கின் கீழ்த்தட்டு தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். மேல்நிலைத் தொட்டிக்கும் கழிப்பறைக்கும் அடியில் உள்ள அறை எவ்வளவு விசாலமாக இருந்தாலும் வேண்டாம்.

திரும்பி வரும்போது இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. இடம் மிச்சமாகும் என்று உருளும் அடுக்கு அலமாரிகளை வாங்கி முதல் மாடியில் வைக்கிறார்கள். 2 மீட்டர் உயரம், 40 செ.மீ. ஆழமுள்ள அலமாரி முழுக்கத் தாள் நிரம்பினால், ஒரு மீட்டர் நீளத்துக்கு 500 கிலோ அளவுக்குச் சுமை. அலுவலக அறைக்குச் சதுர மீட்டருக்கு 250 முதல் 400 கிலோ வரைதான் கணக்குப் போட்டிருப்பார்கள். அலமாரிகளை இடைவெளி இல்லாமல் சேர்த்து வைத்தால் சுமை அதைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு வரை ஆகும். கனமான பதிவறைக்கு உரிய இடம் தரைத்தளம். வெள்ளம் வரும் ஊரென்றால் அடித்தளத்தை உயர்த்திக் கட்டிய தரைத்தளம்.

வண்டிக்குத் தற்காலிக இடம்

வண்டிக்கூடம் இரண்டு இருந்தால் ஒன்றில் வேலை, ஒன்றில் வண்டி. ஒன்றுதான் என்றால் வளாகத்துக்குள் கொட்டகை போட வேண்டும். ஒரு வண்டிக்கு 6 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம், 4.5 மீட்டர் உயரம். தரையில் 20 செ.மீ. ஜல்லிக் கலவை கொட்டி ரோலர் ஓட்டுங்கள். 4,500 லிட்டர் தண்ணீரோடு நிற்கும் வண்டி வெறும் மண்ணில் ஒரே மழைக்குப் புதைந்துவிடும்.

கொட்டகையிலிருந்து சாலை வரை 6 மீட்டர் அகலத்துக்கு மஞ்சள் கோடு போட்டு, அதற்குள் ஒரு கூடை மணலும் இறக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே அபராதத்தோடு எழுதுங்கள். ஜல்லி லாரிக்காரர் காலி இடம் எங்கே என்றுதான் பார்ப்பார். காலியாக இருக்கும் ஒரே இடம் அந்தப் பாதையாகத்தான் இருக்கும்.

101 தொலைபேசி இணைப்பை மாற்ற முன்கூட்டியே விண்ணப்பித்து, மாற்றும் நாளில் பழைய இடத்திலும் புதிய இடத்திலும் ஆள் உட்கார வேண்டும். ஊரின் நான்கு மூலையிலிருந்தும், வேறு வேறு நிறுவனங்களின் செல்போன்களிலிருந்தும் அழைத்துப் பாருங்கள். வயர்லெஸ் கம்பத்தை இறக்கும் முன் தற்காலிகக் கம்பம் ஏறி, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையோடு பேசிச் சரிபார்த்திருக்க வேண்டும்.

கூரை

பழைய பகுதியில் இருப்பது பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல் சிறிய தட்டைச் செங்கற்களைச் சாய்வாகக் குத்துக்கல் வைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் காங்கிரீட், அதற்கும் மேல் தட்டு ஓடு. 1913-இல் திறந்த சென்னை ரிப்பன் கட்டடம் போன்றவற்றைத் தாங்கி நிற்பது சுண்ணாம்புதான். நல்ல நிலையில் இருந்தால் இடிக்க எந்தக் காரணமும் இல்லை.

முதலில் மேலே எத்தனை அடுக்கு ஏறியிருக்கிறது என்று ஓர் ஓரத்தில் தோண்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறை ஒழுகும்போதும் பழையதை எடுக்காமல் மேலேயே புதுத் தளம் போட்டிருப்பார்கள். 10 செ.மீ. ஜல்லிச் சுண்ணாம்பு சதுர மீட்டருக்குச் சுமார் 190 கிலோ. மாடியில் ஆள் நடமாட்டத்துக்கு விடும் சுமையே 150 கிலோதான். ஆகவே பழைய அடுக்குகளை எடுப்பதே பாதிப் பழுதுபார்ப்பு. எடுக்கும்போது கீழே முட்டுக் கொடுத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கையால் வெட்டி எடுக்க வேண்டும்; பிரேக்கர் மெஷின் வேண்டவே வேண்டாம். வெட்டிய குப்பையை மாடியில் குவிக்காமல் அவ்வப்போது இறக்குங்கள்.

உளுத்த கட்டையை ஒரு நேரத்தில் ஒன்று மட்டுமே மாற்றலாம், இரு பக்கமும் ஜாக்கி முட்டோடு. முனை மட்டும் போயிருந்தால் இருபுறமும் இரும்புச் சேனல் வைத்து போல்ட் போட்டு நீட்டலாம். சுவருக்குள் போகும் முனையைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி விடுங்கள். சிமென்ட் கலவையால் அடைத்தால் ஈரம் வெளியேற வழியின்றி அந்த முனை மறுபடியும் உளுக்கும்.

புதுத் தளத்துக்கு 20 மி.மீ. செங்கல் ஜல்லி 32 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு என்பது இங்கே நெடுநாளாக வழங்கும் அளவு. சிமென்ட் சேர்க்கக் கூடாது. சராசரி 75 மி.மீ. கனம், 60-க்கு 1 சரிவு. கட்டையால் தட்டித் தட்டி, இடையிடையே கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து இறுக்க வேண்டும். தட்டுக்கட்டை துள்ளித் திரும்பும்வரை தட்டுவது பழைய கொத்தனார்கள் வைத்திருக்கும் அளவுகோல். அதைவிட நல்ல சோதனை இல்லை. அதன்மேல் 1:3 சிமென்ட் கலவையில், சிமென்ட் எடையில் 5 சதவீதம் குரூட் ஆயில் கலந்து, தட்டு ஓடு பதியுங்கள். கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலையில் உருட்டுப் பூச்சு (மூலையை வளைவாக்கும் பூச்சு) கட்டாயம். ஒழுகல் தொடங்குவது நடுத்தளத்தில் அபூர்வம். இந்த மூலையிலும் குழாய் வாயிலும்தான் அதிகம்.

மழைநீர்க் குழாய்க் கணக்கு: மணிக்கு 100 மி.மீ. மழைக்கு, 100 மி.மீ. குழாய் ஒன்று சுமார் 40 சதுர மீட்டர் தளத்தை வடிக்கும். 200 சதுர மீட்டர் மாடியில் இரண்டே குழாய் இருந்தால் அது போதாது, ஐந்து வேண்டும். இதோடு நிறுத்த வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் குழாய் அடைத்துக்கொண்டால் கைப்பிடிச்சுவருக்குள் நிற்கும் தண்ணீரே கூரைக்கு எமன். தளத்திலிருந்து 10 செ.மீ. உயரத்தில், பக்கத்துக்கு ஒன்றாக வழிந்தோடும் துளை விடுங்கள்.

புதுத் தளத்தைச் சோதிக்கக் காங்கிரீட் கூரையில் 5 செ.மீ. தண்ணீர் கட்டி 48 மணி நேரம் பார்க்கலாம். மரக்கட்டைக் கூரையில் தண்ணீர் கட்டாதீர்கள். ஹோஸ் பிடித்து ஒவ்வொரு பகுதியாக ஒரு மணி நேரம் தெளித்துக் கீழே ஒருவர் கவனித்தால் போதும்.

காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரியும் இடங்கள்

சன்ஷேடு, சீலிங், கழிப்பறைத் தளத்தின் அடி: மூன்றிலும் காட்சி ஒன்றுதான். துரு கம்பியைவிடப் பல மடங்கு பருத்து, மேலுள்ள காங்கிரீட்டைத் தள்ளிவிடுகிறது. அந்த இடத்தில் சிமென்ட் கலவை அப்பி வெள்ளையடித்தால் மூன்று ஆண்டில் அதைவிடப் பெரிய துண்டாக விழும்.

வரிசை இது. முதலில் முட்டு, சீலிங்கைக் கொத்தும் முன் மேல் தளத்தின் சுமையை ஜாக்கிகள் ஏற்றிருக்க வேண்டும். பிறகு கம்பியின் பின்பக்கம் 20 முதல் 25 மி.மீ. இடைவெளி தெரியும்வரை கொத்துங்கள். முன்பக்கத் துருவை மட்டும் துடைத்தால் பின்பக்கம் அரிப்பு தொடரும். துரு இல்லாத பளபளப்பான கம்பி வரும்வரை நீளவாக்கில் போய்க்கொண்டே இருங்கள். வெர்னியர் அளவுகோல் வைத்துக் கம்பியின் விட்டத்தை அளங்கள். குறுக்குவெட்டுப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு போயிருந்தால், அதாவது 12 மி.மீ. கம்பி 10.7-க்குக் கீழே வந்திருந்தால், பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். அதன்பின் ஜிங்க் ப்ரைமர், ஒட்டுப்பூச்சு. ஒட்டுப்பூச்சு காயும் முன் பாலிமர் கலவையை 10–15 மி.மீ. அடுக்குகளாக ஏற்றுங்கள். ஒரே வீச்சில் 40 மி.மீ. அப்பினால் தன் எடையிலேயே தொங்கிப் பிரியும்.

தூணைப் பலப்படுத்த அதைச் சுற்றிக் காங்கிரீட் மேலுறை போடுவதாக இருந்தால் குறைந்தது 100 மி.மீ. கனம். 30 செ.மீ. சதுரத் தூண், 3 மீட்டர் உயரம்: தேவை 0.48 கன மீட்டர். 25 கிலோ மைக்ரோ காங்கிரீட் மூட்டை சுமார் 12.5 லிட்டர் தரும்; ஒரு தூணுக்கு 39 மூட்டை. இந்த எண்ணைத் தளத்தில் காலி மூட்டைகளோடு ஒப்பிடுங்கள். மேலுறைக் கம்பி அஸ்திவாரத்துக்குள்ளும் மேல் தளத்தைத் துளைத்தும் போக வேண்டும். தரையில் தொடங்கி சீலிங்கில் முடிந்தால் அது தூணைப் பருமனாக்கும், பலமாக்காது.

சுவரும் கரையானும்

சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூச்சு, வால் பட்டி, பிளாஸ்டிக் எமல்ஷன் மூன்றும் வேண்டாம். சுவர் குடித்த ஈரம் வெளியே வர முடியாமல், உப்பு பூத்துப் பூச்சைப் பலகை பலகையாகத் தள்ளும். பழைய சிமென்ட் பூச்சை உரித்து, சுவரை ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, சுண்ணாம்பு ஒரு பங்கு மணல் இரண்டரைப் பங்கு கலவையால் பூசி, சுண்ணாம்பே அடியுங்கள். செலவு கூடும், நாள் கூடும். இந்த ஒன்றில் சிக்கனம் வேண்டாம்.

கரையானுக்கு: சுவரும் தரையும் சேரும் கோட்டில் 30 செ.மீ. இடைவெளியில் 12 மி.மீ. துளை, இமிடாகுளோப்ரிட் 30.5 சதவீத மருந்தை லிட்டருக்கு 2.1 மி.லி. கலந்து, துளைக்கு ஒரு லிட்டர் செலுத்தி அடைக்க வேண்டும். புதுத் தரை போடும் முன் செய்யுங்கள். குடிநீர்த் தொட்டிக்கும் கிணற்றுக்கும் அருகில் கூடாது.

வண்டிக்கூடம்

1960, 70-களில் கட்டிய கூடங்கள் அன்றைய சிறு வண்டிகளுக்கானவை. இன்றைய வண்டி 2.5 மீட்டர் அகலம். இருபுறக் கண்ணாடி, மேலே ஏணி வேறு. வாசலின் உள் அளவு 3.75 மீட்டர் அகலம், 4.25 மீட்டர் உயரம் இருந்தால்தான் நள்ளிரவில் ஓட்டுநர் தயங்காமல் எடுப்பார். ஷட்டர் அவசியமில்லை, முன்பக்கம் திறந்து, ஆழமான சன்ஷேடோடு இருப்பது நம் வெயிலுக்குப் பொருந்தும். ஷட்டர் வேண்டும் என்றால் மின்சாரம் போனால் கையால் ஏற்றும் சங்கிலி இருக்கட்டும்.

தளம்: 15 செ.மீ. அடிக்காங்கிரீட், பாலித்தீன் விரிப்பு, மேலே 20 செ.மீ. எம்30 தரக் காங்கிரீட். ஐந்துக்குப் பத்து மீட்டர் கூடம் ஒன்றுக்கு 10 கன மீட்டர். சிமென்ட் சுமார் 75 மூட்டை. 4.5 மீட்டருக்கு ஒரு வெட்டு, 5 செ.மீ. ஆழம், காங்கிரீட் போட்ட அன்றோ மறுநாள் காலையிலோ. இரண்டு நாள் தள்ளிப் போட்டால் தளம் தன் விருப்பப்படி விரிசல் விட்டுக்கொள்ளும். 14 நாள் நீர் கட்டி, 28 நாள் கழித்து வண்டி ஏற்றுங்கள். மேற்பரப்பை விளக்குமாற்றால் கோடிழுத்துச் சொரசொரப்பாக விடுங்கள். கிரானைட்டும் வழவழப்பான டைல்ஸும் நனைந்த பூட்ஸோடு ஓடுபவர்களின் இடுப்பை முறிக்கும். தண்ணீர்த் தொட்டியைக் கூடத்துக்கு அடியில் வைப்பதைத் தவிர்க்கவும். ஏற்கெனவே இருந்தால் அதன் மூடு தளம் 11.5 டன் அச்சுச் சுமைக்குக் கணக்கிட்டதா என்று பாருங்கள்.

சாலையைச் சுரண்டாமல் மேலும் மேலும் தார் போட்டதில் பல கூடங்கள் சாலையைவிடத் தாழ்ந்துவிட்டன. புதுத் தளம் சாலையின் இன்றைய மட்டத்துக்கு 30 செ.மீ. மேலே இருக்கட்டும், வெளித்தளம் 50-க்கு 1 சரிவு, வாசலில் கனரகக் கம்பிவலை மூடிய வடிகால்.

தண்ணீர்: 4,500 லிட்டரை 5 நிமிடத்தில் நிரப்ப நிமிடத்துக்கு 900 லிட்டர் வேண்டும். அதற்கு 100 மி.மீ. குழாய். 50 மி.மீ. குழாய் வைத்துவிட்டு, தீ அணையாமல் வண்டி திரும்பி வரும் நேரத்தில் கால் மணி நேரம் நிற்கும் நிலை கூடாது. நான்கு முறை நிரப்ப 18,000 லிட்டர் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். அந்தத் தொட்டியிலிருந்து அலுவலகக் கழிப்பறைக்குக் குழாய் இழுக்கக் கூடாது. நிரப்பும் பம்ப் ஜெனரேட்டரிலும் ஓட வேண்டும்.

வீரர்களின் ஓய்வறைச் சன்னல் கூடத்துக்குள் திறக்கக் கூடாது. டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று 2012-இலேயே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. 24 மணி நேரம் அங்கேயே படுத்தெழும் மனிதர்கள் அதைச் சுவாசிக்கிறார்கள். கூடத்தின் மேல்விளிம்பில் இருபுறமும் காற்றுத் திறப்பு, ஓய்வறைக்கும் கூடத்துக்கும் நடுவே தானே மூடும் கதவு. ஹோஸ் 15 மீட்டர். காயவைக்க மடித்துத் தொங்கவிட்டால் 8 மீட்டர் உயரக் கம்பம் போதும். நனைந்ததைச் சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து அடுத்த தீயில் வெடிக்கும். வண்டி நிற்கும் இடத்தில் பேட்டரி சார்ஜ் இணைப்பும், பிரேக்குக்கான காற்று இணைப்பும் கொடுங்கள். காற்றழுத்தம் இறங்கிய வண்டி, இன்ஜின் ஓடி அழுத்தம் ஏறும்வரை நகராது.

மக்கள் வரும் பகுதி

சரிவுப்பாதை 12-க்கு 1, அகலம் 1.2 மீட்டருக்குக் குறையாமல், இருபுறமும் கைப்பிடி. 60 செ.மீ. உயர அடித்தளத்துக்கு 7.2 மீட்டர் நீளம் தேவை. இடமில்லை என்று செங்குத்தாகக் கட்டினால் சக்கர நாற்காலி ஏறாது. பிறப்புச் சான்றிதழ், வரி கவுண்டர்களில் ஒன்றாவது 75 செ.மீ. உயரத்தில், உட்கார்ந்து பேசும்படி இருக்கட்டும். பெண்கள் கழிப்பறை மக்களுக்கும் திறந்திருக்க வேண்டும். பூட்டி வைத்துச் சாவியை ஊழியர் மேசையில் போடுவதற்காகக் கட்டாதீர்கள்.

மின் வயரிங் முழுக்கப் புதிது. பழைய பைப்புக்குள் புது வயர் இழுக்கும் சிக்கனம் வேண்டாம். ஏசி ஒவ்வொன்றுக்கும் தனி வழி, பிளக் வழிகளுக்கு 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்), பதிவறை விளக்குக்கு வெளியே சுவிட்ச். மாலையில் பூட்டும்போது அந்த அறைக்கான மின்சாரமே நிற்க வேண்டும். முகப்புக்கு அலுமினியத் தகடு ஒட்ட யாராவது வற்புறுத்தினால், நடுவில் பிளாஸ்டிக் வைத்த தகடுகள் 2017-இல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் தீயை மாடி மாடியாக ஏற்றியதை எடுத்துச் சொல்லுங்கள். 72 பேர் இறந்தார்கள்.

ஒப்படைக்கும் முன்

வண்டியைக் காலி செய்து நிரப்பிக் கடிகாரம் பிடியுங்கள். 5 நிமிடம் தாண்டினால் பம்பையோ குழாயையோ மாற்றாமல் வாங்காதீர்கள். இரவு 2 மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு 101-க்கு அழையுங்கள்: மணி ஒலிக்கிறதா, அவசர விளக்கு எரிகிறதா, வண்டி சாலையைத் தொட எத்தனை நொடி என்று குறியுங்கள். எர்த் இணைப்பின் மின்தடை 5 ஓமுக்குக் கீழே இருக்கட்டும். பெட்டிப் பட்டியலை வைத்துப் பதிவேடுகளை ஒவ்வொன்றாக எண்ணுங்கள்.

தற்காலிகக் கொட்டகையை உடனே பிரிக்க வேண்டாம். முதல் கனமழை பெய்த மறுநாள் காலை, வெயில் ஏறும் முன், டார்ச்சோடு மாடி அறைகள் எல்லாவற்றிலும் கைப்பிடிச்சுவருக்கு நேர் கீழுள்ள சீலிங் மூலைகளைப் பாருங்கள். கையை வைத்தால் குளிர்ச்சி தெரியும் இடம் கறை தெரிவதற்கு முன்பே பழுதைக் காட்டிவிடும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, தேதி எழுதி, அன்றே ஒப்பந்ததாரருக்குக் கடிதம் அனுப்புங்கள். அவர் வந்து சரிசெய்து, இரண்டாவது மழையிலும் அந்த வட்டங்கள் காய்ந்திருந்தால் கொட்டகையைப் பிரிக்கலாம்.